ஒரு பர்சென்ட்டுக்கு அடிச்சுக்கறீங்களே மக்கா!

பிட்காயின் மைனிங் பத்தி தமிழ்ல எழுதற நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேரு ஒரே ஒரு மேட்டரைத்தான் திருப்பித் திருப்பி அலசிக்கிட்டு இருக்காங்க. எங்க சேர்ந்தா கமிஷன் கம்மி? இங்க 2 பர்சென்ட், அங்க 1 பர்சென்ட், இன்னொரு இடத்துல சைபர். கீழே மறக்காம ஒரு ரெபரல் லிங்க். படிக்கிறவனும் ஏதோ பெரிய ரகசியம் கெடச்ச மாதிரி "நன்றி நண்பா"ன்னு போட்டுட்டுப் போறான்.

எனக்கு இதுல பயங்கர கடுப்பு. ஏன்னா கமிஷன் உங்க பாக்கெட்டை அடிக்கறது இல்ல. அடிக்கறது வேற ஒண்ணு. அதைப் பத்தி மூச்சு விடாம கமிஷனை மட்டும் பேசறது, வீட்ல கொல்லைக்கதவு தெறந்து கெடக்கும்போது முன்கதவுப் பூட்டு எந்த பிராண்டுன்னு பட்டிமன்றம் நடத்தற மாதிரி.

மொதல்ல ஒரு விஷயம். இங்கிலீஷ்ல இதுக்கு உள்ள பேரை அப்படியே தமிழ் எழுத்துல எழுதினா அர்த்தம் ஏடாகூடமா ஆயிடும். அதனால இந்தப் பதிவு முழுக்க 'கூட்டணி'. :-)

கூட்டணின்னா என்ன?

2023 ஜூலைல கேரளாவுல பரப்பனங்காடி நகராட்சியில துப்புரவு வேலை பாக்குற 11 பொம்பளைங்க காசு சேத்து 250 ரூபாய்க்கு ஒரு பம்பர் லாட்டரி வாங்கினாங்க. 10 கோடி அடிச்சுது. பங்கு போட்டுக்கிட்டாங்க. மைனிங் கூட்டணியும் அம்புட்டுதான். உலகம் பூரா சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு நாளைக்கு 144 பரிசு. ஒத்த மெஷினை வெச்சுக்கிட்டு தனியா நின்னா நம்ம ஆயுசுல அடிக்காது. நூறாயிரம் பேரு சேந்து நின்னா தெனமும் அடிக்கும், அவனவன் போட்ட ஹாஷ்ரேட்டுக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்கலாம். 2010 டிசம்பர்ல செக் நாட்டுக்காரர் மாரெக் பலட்டினுஸ் ஆரம்பிச்ச ஸ்லஷ்தான் முதல் கூட்டணி. அவரு ரொம்ப வருஷம் வாங்கினது 2 பர்சென்ட்.

பிரிக்கறதுலயும் ரெண்டு ஸ்டைல் இருக்கு. ஒண்ணு பி.பி.எஸ். நம்ம ஊரு தினக்கூலி கணக்கு. பிளாக் கெடச்சாலும் கெடைக்காட்டியும் செஞ்ச வேலைக்குக் காசு. அதிர்ஷ்டம் கைவிட்டா நஷ்டம் கூட்டணி நடத்தறவனுக்கு. அதனால கமிஷன் கூட, 4 பர்சென்ட் வரைக்கும் போகும். இன்னொண்ணு பி.பி.எல்.என்.எஸ். இது பங்குக் கணக்கு. கெடச்சாத்தான் காசு. ரிஸ்க் நமக்கு, அதனால கமிஷன் கம்மி. ஆக, "அங்க 4, இங்க 1, அவன் கொள்ளைக்காரன்"னு எழுதறவங்க மொதல்ல எந்த ஸ்டைலை எதோட ஒப்பிடறோம்னு பாருங்கப்பா. இன்சூரன்ஸ் பிரீமியத்தை கமிஷன்னு திட்டறீங்க.

சரி, கணக்குப் போடுவோம்

பிட்மெயின் எஸ்21 மெஷின். 200 டெராஹாஷ், 3500 வாட். ஒரு நாளைக்கு 84 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 5040 யூனிட். நம்ம தமிழ்நாட்டு வீட்டு கரண்ட்ல 1000 யூனிட் தாண்டினா யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல. மொத ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, அதையெல்லாம் கழிச்சாலும் ஈ.பி. பில் 50,000 தாண்டும்.

வரவு எவ்ளோ? 2024 ஏப்ரல்ல பரிசு பாதியானதுக்கு அப்புறம் பிளாக்குக்கு 3.125. ஒரு நாளைக்கு 450 பிட்காயின். உலக ஹாஷ்ரேட் 1000 எக்ஸாஹாஷ்னு வெச்சுக்கிட்டா நம்ம மெஷினோட பங்கு அம்பது லட்சத்துல ஒண்ணு. ரெண்டு மாசத்துக்கு 0.0054 பிட்காயின். ஒரு காயின் 80 லட்சம்னு வெச்சுப்போமே, 43,200 ரூபா.

50,000 செலவு, 43,200 வரவு. மெஷின் விலையைக் கணக்குல சேக்கவே இல்ல. இதுல 1 பர்சென்ட் கமிஷன் எவ்ளோ? 432 ரூபா. இந்த 432 ரூபாய்க்குத்தான் பதிவுக்கு மேல பதிவு!

இன்னும் இருக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து இந்த வகை லாபத்துக்கு 30 பர்சென்ட் வரி. மைனிங்குக்கு ஆன உள்கட்டமைப்புச் செலவைக் கழிச்சுக்க முடியாதுன்னு 2022 மார்ச்சுலயே நாடாளுமன்றத்துல சொல்லிட்டாங்க. முப்பதை விட்டுட்டு ஒண்ணைப் புடிச்சுத் தொங்கறோம்.

அண்டா ஒண்ணு, வரிசை நீளம்

இப்ப அந்தக் கொல்லைக்கதவுக்கு வர்றேன்.

கோயில்ல தெனமும் ஒரே ஒரு அண்டா புளியோதரை. இன்னைக்கு வரிசையில பத்து பேரு, ஆளுக்கு ஒரு தொன்னை நெறைய கெடைக்குது. நாளைக்கு நூறு பேரு. அண்டா அதே அண்டாதான். ஆளுக்கு ஒரு கவளம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அண்டாவையே பாதி சைஸ் ஆக்கிடறாங்க. பிட்காயின் இப்படித்தான் வேலை செய்யுது. மெஷின் எத்தனை கூடினாலும் 2016 பிளாக்குக்கு ஒரு தடவை, சுமார் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, கஷ்ட அளவு தானா ஏறி மறுபடியும் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கொண்டு வந்துடும். கூடுதலா யாரு வந்தாலும் கூடுதல் காயின் பொறக்காது. உங்க பங்குதான் சுருங்கும்.

எவ்ளோ சுருங்குச்சு? 2016 ஜனவரியில உலக ஹாஷ்ரேட் 1 எக்ஸாஹாஷ் தொட்டுச்சு. 2025ல 1000 எக்ஸாஹாஷைத் தாண்டிடுச்சு. பத்து வருஷத்துக்குள்ள ஆயிரம் மடங்கு. அதே காலத்துல பரிசு 25ல இருந்து 3.125க்கு வந்துடுச்சு. 2016ல வாங்கின மெஷின் தெனமும் ஒரு காயின் குடுத்ததுன்னு வெச்சுக்கிட்டா, இன்னைக்கு அதே மெஷின் எட்டாயிரத்துல ஒரு பங்கு குடுக்கும். எந்தக் கூட்டணியும் கமிஷன்னு இவ்ளோ எடுத்தது கெடையாது.

இந்த ஒரே காரணத்தாலதான் சொல்றேன். மைனிங்ல "மாசாமாசம் இவ்ளோ காயின் நிச்சயம்"னு எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்றான். இதுல 'ஒருவேளை'க்கே எடம் இல்ல.

சைபர் கமிஷன் பண்ணின வேலை

"சைபர் கமிஷன் நல்லதுதானே"ன்னு கேக்கறவங்களுக்கு ஜிஹாஷ் கதை. கமிஷனே வாங்காத கூட்டணி. எல்லாரும் ஓடிப் போய் சேந்தாங்க. 2014 ஜூன்ல அது உலக ஹாஷ்ரேட்டுல பாதியைத் தாண்டிச்சு. அதாவது ஒரே கம்பெனி நெனச்சா கணக்கு நோட்டை மாத்தி எழுதலாங்கற நெலமை. ஊரே அலறினதுக்கு அப்புறம் 40 பர்சென்ட்டுக்குக் கீழ வெச்சுக்கறோம்னு வாக்கு குடுத்தாங்க. இப்பவும் அமெரிக்காவோட ஃபவுண்டரியும் பிட்மெயினோட கூட்டணியும் சேந்து கிட்டத்தட்ட பாதியைப் புடிச்சு வெச்சிருக்காங்க. கமிஷன் கம்மின்னு ஒரே பக்கம் ஓடினா இதான் நடக்கும்.

அதே ஜிஹாஷை நடத்தின சி.இ.எக்ஸ்.ஐ.ஓ. "மெஷின் வேணாம், ஹாஷ்ரேட்டை மட்டும் எங்ககிட்ட வாங்கிக்கோங்க"ன்னு கிளவுட் மைனிங் வித்தாங்க. மெஷின் உண்மையாவே இருந்துச்சு. 2015 ஜனவரியில நிறுத்திட்டாங்க. வெலை இறங்கிப் போச்சு, கஷ்டம் ஏறிப் போச்சு, வர்ற காசு பராமரிப்புக்கே பத்தல. மெஷின் வெச்சிருந்தவனுக்கே இந்தக் கதி.

நம்ம நாட்டுக் கதை

அதே 2015ல நம்ம நாட்டுல ஒருத்தர் கடையைத் தெறந்தார். அமித் பரத்வாஜ். கெயின்பிட்காயின். ஒரு பிட்காயின் குடுங்க, மைனிங் பண்ணி மாசம் 10 பர்சென்ட் வீதம் 18 மாசம் திருப்பித் தர்றேன். ஒண்ணு போட்டா 1.8. ஆள் சேத்து விட்டா தனி கமிஷன்.

அண்டா கணக்கை இதுல போட்டுப் பாருங்க. 2016 ஜனவரியில இருந்து 2017 ஜூலை வரைக்கும் 18 மாசம். உலக ஹாஷ்ரேட் 1ல இருந்து 6 எக்ஸாஹாஷ் பக்கம். நடுவுல 2016 ஜூலைல பரிசு பாதி. ஆக மொத மாசம் 0.1 காயின் எடுத்த மெஷின் பதினெட்டாவது மாசம் 0.008 எடுக்கும். கரண்ட் செலவு சைபர்னு வெச்சுக்கிட்டாலும் இதான் கணக்கு. அவர் சொன்னது கடைசி மாசமும் 0.1. மீதி எங்க இருந்து வரும்? புதுசா வந்து சேர்றவன் பாக்கெட்டுல இருந்து.

இதுல ரொம்ப விஷமமான பார்ட் என்னன்னா, அவங்ககிட்ட ஜிபி மைனர்ஸ்னு நெஜமான கூட்டணியே இருந்துச்சு. நெஜமாவே பிளாக் எடுத்துச்சு. "பாருங்க சார், இணையத்துல எங்க பேரு இருக்கு"ன்னு காட்டினாங்க. மெஷின் இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்ல மக்கா. மெஷின் இருந்தாலும் அந்த வாக்குறுதி நடக்காது. இதைக் கண்டுபுடிக்க வகுத்தல் தெரிஞ்சா போதும்.

அப்புறம் பிட்காயினுக்குப் பதிலா எம்கேப்னு தானே அச்சடிச்ச டோக்கனைக் குடுத்தாங்க. 2018ல கைது. 2022 ஜனவரியில அவர் செத்துட்டார். 2023 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் எல்லா வழக்கையும் சி.பி.ஐ.க்கு மாத்துச்சு. 2025 பிப்ரவரியில 60க்கும் மேல எடத்துல சோதனை. வசூல் ஆனது 2017 மதிப்புலயே 6,600 கோடின்னு அமலாக்கத்துறை சொல்லுது.

சுங்குவார்சத்திரத்துல இது எதுக்கு?

நான் பொட்டி தட்டுற எடம் ஒரகடம் பக்கம், குடியிருக்கறது சுங்குவார்சத்திரம். பெங்களூர் ஹைவேல ஷிப்ட் பஸ் வரிசை கட்டி நிக்கற ஊரு. ஒரு ரூமுக்கு ஆறு பேருன்னு தங்கி, காண்ட்ராக்ட்ல வேலை பாக்கற பசங்க. சம்பளத்துல சில ஆயிரம் ஏறணும், சங்கம் வேணும்னு 2024ல சாம்சங் தொழிலாளிங்க 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணினது இங்கதான். ஆயிரம் ரூபாயோட மதிப்பு தெரிஞ்ச ஊரு.

போன மாசம் பக்கத்து ரூம் தம்பி ஒருத்தன் போனைக் காட்டினான். மைனிங் ஆப்பாம். "கமிஷன் சைபர்ணா, டெய்லி ஒன்றரை பர்சென்ட் ஏறுது. லைன்ல கூட வேலை பாக்கற அண்ணன்தான் சேத்து விட்டாரு." நம்பர் ஜோரா ஏறிக்கிட்டே இருந்துச்சு. "எடுத்துப் பாத்தியா தம்பி?"ன்னு கேட்டேன். "இப்ப எடுத்தா லெவல் போயிடும்ணா." அந்தக் கணக்கு வருஷத்துக்கு 547 பர்சென்ட், வட்டிக்கு வட்டி போடாமயே! அவன் அதுல போட்டது தீபாவளி போனஸ்.

அவனுக்கு அந்த ஆப்புல புடிச்ச வார்த்தை என்ன தெரியுமா? 'சைபர் கமிஷன்'. அந்த வார்த்தையை முக்கியமான வார்த்தையா ஆக்கினது யாரு? கமிஷன் டேபிளா போட்டுத் தள்ளின நாமதான். மோசடிக்காரன் நம்ம பாடத்தையே படிச்சுட்டு வந்து நிக்கறான்.

"பேராசைப்பட்டா அனுபவிக்கட்டும்"னு ஒரு குரூப் கெளம்பும். அதுங்களுக்கு: திருப்பூர் பாசி, 2009, 930 கோடி. ஆருத்ரா, 2022, மாசம் 30 பர்சென்ட் வரைக்கும்னு ஆசை காட்டி ஒரு லட்சம் பேருக்கு மேல, 2,438 கோடி. இம்புட்டு பேரும் பேராசைக்காரனா? நம்பிக்கையான ஒரு ஆளு, மாமனோ மச்சானோ கூட வேலை பாக்கறவனோ, சொன்னதை நம்பினவங்க. பாசி வழக்குல 27 வருஷம் தண்டனைன்னு தீர்ப்பு வந்தது 2022ல. பதிமூணு வருஷம் கழிச்சு. போட்டவனோட புள்ளை அதுக்குள்ள காலேஜ் முடிச்சிருக்கும்.

"வெலை ஏறினா லாபம்தானே?"ன்னு இன்னொரு குரூப். ஏறட்டும். அப்ப காயினையே வாங்கி வெச்சுக்கோங்க. நடுவுல எவனோ ஒருத்தனோட கண்ணுக்குத் தெரியாத மெஷின் எதுக்கு?

நம்ம எழுதறவங்ககிட்ட நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். கமிஷன் பத்தி எழுதுங்க, தப்பில்ல. ஆனா அதே பதிவுல அன்னைக்கு உலக ஹாஷ்ரேட் எவ்ளோ, ஒரு வருஷம் முன்னாடி எவ்ளோன்னு ரெண்டு நம்பரையும் போடுங்க. கிளவுட் மைனிங் ரெபரல் லிங்க்கைத் தூக்குங்க. உங்க லிங்க்ல கெடைக்கற அஞ்சோ பத்தோ டாலர், எங்கயோ ஒரு ஷிப்ட்ல நின்னுக்கிட்டு இருக்கறவனோட போனஸ்ல இருந்துதான் வருது.

இன்ஜினியரிங் நாலு வருஷம் படிச்சோம். வகுத்தல் தெரியும்ல?

பி.கு: எஸ்21 கணக்குல காயின் வெலையை ஒரு கோடின்னு மாத்திப் போட்டா வரவு 54,000. பில் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால "வெலை தப்பா எடுத்துட்டே"ன்னு கும்ம வர்றவங்க மெஷின் வெலையையும் வரியையும் சேத்துக்கிட்டு வாங்க. காத்துக்கிட்டு இருக்கேன். :-)