இரவில் மான் மேல் லைட் அடித்தால் என்ன தப்பு? ஸ்ரீ சிட்டி பக்கம் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

நீங்கள் ஸ்ரீ சிட்டியில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட் முடிகிறது. ரூம்மேட்டுக்குத் தெரிந்த ஒருவர் ஜீப் வைத்திருக்கிறார். மேலே எல்.இ.டி. பார், கையில் பெரிய சர்ச்லைட். "சத்யவேடு தாண்டி காட்டோரமா ஒரு ரவுண்டு போலாம் வாங்க ப்ரோ. லைட் அடிச்சா மான் அப்படியே சிலை மாதிரி நிக்கும். சும்மா பார்த்துட்டு வந்துடலாம்" என்கிறார்.

ஏறுவீர்களா?

ஏறுவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. இதை ஏன் அனுமதிக்கக் கூடாது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வேட்டைக்காரர்கள் இல்லை. ராத்திரி முழுக்க வேர்க்கடலைக் காட்டில் காவல் இருக்கும் விவசாயியும் அதில் உண்டு. அதனால் இதை ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

லைட் பட்டதும் மான் ஏன் நிற்கிறது?

மான் உங்களை ரசித்துக்கொண்டு நிற்கவில்லை. அதற்குக் கண் தெரியவில்லை.

மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளியை அது திருப்பி அனுப்புவதால், அதே ஒளி இரண்டாவது முறையும் விழித்திரையில் படுகிறது. மங்கலான நிலா வெளிச்சத்திலும் மான் மேய முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரவுக்கென்றே பழகிய அந்தக் கண்ணில் சர்ச்லைட் பட்டால், தியேட்டர் இருட்டிலிருந்து நேராக மத்தியான வெயிலுக்கு வந்த நிலைமைதான். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும். லைட்டை அணைத்த பிறகும் கண் பழைய நிலைக்கு வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கம்பி வேலியில் போய் மோதலாம், ரோட்டில் குறுக்கே பாயலாம். குட்டியோடு இருந்தால் குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் என்று சிதறலாம்.

லைட்டில் கண் மினுங்குவதும் அந்தப் படலத்தால்தான். இங்கேதான் பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அதே படலம் மாட்டுக்கும் உண்டு, ஆட்டுக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. மனிதக் கண்ணில் கிடையாது. அதாவது லைட் பிடித்துச் சுடுகிறவருக்குத் தூரத்தில் தெரிவது இரண்டு புள்ளிகள் மட்டுமே. அது புள்ளிமானா, பக்கத்து ஊர்க்காரர் கட்டி வைத்த கன்றுக்குட்டியா என்பது அங்கிருந்து தெரியாது. அந்த இரண்டு புள்ளிகளுக்குப் பின்னால் வரப்பில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் மினுங்கவே மாட்டார்.

வேட்டையை அனுமதித்த சட்டமே லைட்டை அனுமதிக்கவில்லை

இந்தியாவில் ஒரு காலத்தில் உரிமம் வாங்கி வேட்டையாடலாம். 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்கூட ஆரம்பத்தில் வேட்டை உரிமத்துக்கு இடம் வைத்திருந்தது. ஆனால் அதே சட்டத்தின் அன்றைய 17-வது பிரிவு என்னென்ன செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டது. வண்டியில் இருந்தபடி வேட்டையாடக் கூடாது. விஷம் வைக்கக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு வேட்டையாடக் கூடாது. வேட்டைக்குச் செயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது. தான் அடித்த இரையிடம் திரும்பி வரும் ஊனுண்ணிகளுக்கு மட்டும், உரிமத்தில் தனி அனுமதி இருந்தால் விலக்கு உண்டு. மானுக்கு அந்த விலக்கும் இல்லை.

1991-ல் வந்த திருத்தம் வேட்டை உரிமங்களையே எடுத்துவிட்டது. அதோடு அந்தப் பிரிவும் போய்விட்டது. வேட்டையே கூடாது என்றான பிறகு எப்படி வேட்டையாடலாம் என்று விதி எழுதும் தேவை இல்லை. ஆக, "லைட் அடிக்கக் கூடாதுன்னு எந்த செக்‌ஷன்ல இருக்கு?" என்று யாராவது கேட்டால், அது ஒரு காலத்தில் இருந்தது, அதைவிடப் பெரிய தடை வந்ததால் நீக்கப்பட்டது என்பதுதான் பதில்.

இன்றைய நிலவரம் இதுதான். 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளிமான் முதல் அட்டவணையில், புள்ளிமான் இரண்டாவது அட்டவணையில். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினாலோ, சரணாலயம் அல்லது தேசியப் பூங்காவுக்குள் எந்த விலங்கை வேட்டையாடினாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை; குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். குற்றத்துக்குப் பயன்படுத்திய வண்டி அரசின் சொத்தாகிவிடும். அந்த ஜீப்புக்கு இன்னும் இ.எம்.ஐ. போய்க்கொண்டிருந்தாலும் சரி.

"நாங்க சும்மா பார்க்கத்தான் போனோம்"

உண்மையாகவே சும்மா பார்க்கத்தான் போயிருக்கலாம். ஆனால் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, துரத்துவது, பொறி வைப்பது, இவற்றில் எதற்கு முயற்சி செய்தாலும் வேட்டைதான். சரணாலயத்துக்குள் என்றால் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். விலங்குகளைச் சீண்டுவது அங்கே தனியாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது.

காட்டுக்கு வெளியே, பொது ரோட்டில் நின்று ஒரு தடவை டார்ச் அடித்ததற்காக யாரும் உங்களை ஜெயிலில் போடப்போவதில்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிக்கல், ஜீப்பில் வேறு என்ன இருக்கிறது என்பதில்தான். பின்சீட்டுக்கு அடியில் ஒரு நாட்டுத் துப்பாக்கியோ, சுருக்குக் கம்பியோ, வேட்டை நாயோ இருந்தால், அந்த லைட் முயற்சிக்கான ஆதாரமாகிவிடுகிறது. உங்களுக்கு முன்பின் தெரியாதவரின் வண்டி அது என்பதை மறந்துவிடாதீர்கள். கறி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வனவிலங்கின் இறைச்சி ஒருவர் கைவசம் இருந்தால், அது சட்டவிரோதமானது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவர். வீக்கெண்ட் பார்ட்டியில் "மான்கறி கிடைக்குது, ஷேர் போடுறீங்களா?" என்று வரும் மெசேஜுக்கும் இது பொருந்தும்.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து 2022 ஏப்ரலில் உருவானது திருப்பதி மாவட்டம். அதன் மலைப்பக்கம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும் சேஷாசலம் காடுகளும் இருக்கின்றன. புள்ளிமான், கடமான், நாற்கொம்பு மான் எல்லாம் வாழும் இடம். அங்கேதான் செம்மரமும் இருக்கிறது. செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர அரசு அமைத்த சிறப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் 20 பேர் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் அவர்கள். அந்தச் சம்பவம் பற்றிய கேள்விகள் இன்றும் இருக்கின்றன. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்தக் காடுகளில் இரவு வெளிச்சத்தை 'சும்மா' என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் பயிர் போகிறதே, அதற்கு என்ன பதில்?

லைட் வேட்டையை அனுமதிக்கச் சொல்பவர்களின் வாதங்களில் கனமானது இதுதான். காட்டோர நிலத்தில் பயிர் வைத்தவருக்கு மான் என்பது இன்ஸ்டாகிராம் ரீல் இல்லை. ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் முளைத்த பயிரின் நுனியெல்லாம் காலி. பரண் போட்டு, தகரம் தட்டி, டார்ச் அடித்து விரட்டுகிறார்கள். தன் வயலில் காவல் இருப்பவர் டார்ச் அடித்து விரட்டுவதை வேட்டை என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவர் கேட்பது அதற்கு அடுத்த கட்டம்: "விரட்டி விரட்டி அலுத்துட்டோம், சுட விடுங்க."

சட்டம் இதற்குக் கதவை முழுக்கச் சாத்தவில்லை. 11-வது பிரிவின்படி, இரண்டாவது அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உட்பட சொத்துக்கோ ஆபத்து என்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ காரணத்தை எழுதி வேட்டையாட உத்தரவிடலாம். புள்ளிமான் இந்த வரம்புக்குள் வரும். வெளிமானுக்குப் பயிர்ச் சேதம் போதாது. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது தேற முடியாத காயம், நோய் என்றால்தான்.

நடைமுறையில் மாநிலங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பாருங்கள். காட்டுப்பன்றிப் பிரச்சினைக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள். கேரளா 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குப் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைப் பரவலாக்கியது. பீகாரில் நீல்காயைத் தீங்குயிரி என்று மத்திய அரசு அறிவித்த பிறகு, 2016 ஜூனில் மொகாமா பகுதியில் வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் 200-க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். மத்திய அமைச்சரவைக்குள்ளேயே மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும் பகிரங்கமாக மோதிக்கொண்ட விவகாரம் அது.

என் கருத்தைக் கேட்டால், தமிழ்நாட்டு மாதிரியில் இருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: சுடுகிறவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "பயிரைக் காப்பாற்ற லைட் அடித்துச் சுடலாம்" என்று பொதுவாகத் திறந்துவிட்டால், அதை முதலில் பயன்படுத்தப் போவது பரணில் உட்கார்ந்திருக்கும் விவசாயி இல்லை. எல்.இ.டி. பார் போட்ட ஜீப் வைத்திருப்பவர்தான். பிடிபட்டால் "பயிர்க் காவலுக்கு வந்தோம்" என்பார். இரவு ரோந்தில் இருக்கும் வனக்காவலர் அதைப் பொய் என்று எப்படி நிரூபிப்பார்? இன்றைக்கு அவர் கையில் இருக்கும் ஒரே வசதி, இரவில் துப்பாக்கியும் லைட்டும் ஒன்றாக இருந்தாலே சந்தேகப்படலாம் என்பதுதான். அதையும் பிடுங்கிவிடுவோம். விவசாயிக்குத் தேவை வேலிக்கு மானியமும், தாமதமில்லாத இழப்பீடும். இழப்பீட்டுக்கு அலைந்து அலைந்துதான் பலர் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கிறார்கள்.

வெளிநாட்டில் விடுகிறார்களே?

மெல்போர்னில் இருக்கும் நண்பர் சொல்லியிருப்பார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு இரவில் ஸ்பாட்லைட் அடித்துக் கடமான் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். காரணம், கடமான் அந்த மண்ணின் விலங்கு இல்லை. 1860-களில் இந்தியா, இலங்கைப் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுபோய் விட்டது. அங்கே அதை அடிக்கப் புலி கிடையாது, பெருகிவிட்டது. அப்படியிருந்தும் அங்கே பொதுக்காட்டில் இரவில் மான் வேட்டை கூடாது. மான் வாழும் காட்டுப் பகுதியில் ராத்திரி துப்பாக்கியும் ஸ்பாட்லைட்டும் சேர்த்து வைத்திருப்பதே குற்றம். இங்கிலாந்தில் மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது, ஆனால் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், சூரியன் மறைந்து 1 மணி நேரத்திலிருந்து உதிப்பதற்கு 1 மணி நேரம் முன்பு வரை சுடக் கூடாது என்கிறது. தேவை என்றால் தனி உரிமம் வாங்க வேண்டும். தாராளமாக விடும் நாடுகளும் 'யார், எங்கே' என்ற கேள்வியை விடவில்லை.

நம் நாட்டிலும் விக்டோரியா மாதிரி ஒரு நிலைமை உண்டு, அந்தமானில். ஆங்கிலேயர் கொண்டுவிட்ட புள்ளிமான்கள் அங்கே காட்டின் இளஞ்செடிகளைத் தின்று தீர்க்கின்றன. அங்கே இந்த விவாதத்துக்கு அர்த்தமே வேறு. திருப்பதி மலைப்பக்கம் அப்படி இல்லை. இங்கே புள்ளிமான் சொந்த ஊர்க்காரர், சிறுத்தையின் சாப்பாடும் அதுதான்.

ரோட்டில் வெளிச்சத்தைப் பார்த்தால்

முதலில் உங்கள் வண்டி வெளிச்சம். காட்டோர ரோட்டில் மான் குறுக்கே நின்றால் ஹை பீமை இறக்குங்கள், வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டமாகத்தான் போகும். பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பது இந்த மாதிரி சாவுகளால்தான்.

அடுத்தது மற்றவர் வெளிச்சம். சல்மான் கான் மீதான வழக்கை நினைவிருக்கிறதா? 1998 அக்டோபர் 1-2 இரவில் ஜோத்பூர் அருகே காங்கானியில் வெளிமான்கள் சுடப்பட்ட வழக்கு. ஊருக்குள் இரவில் சுற்றிய ஜிப்சியைக் கவனித்த பிஷ்னோய் கிராமத்து ஆட்களின் சாட்சியம் அதில் முக்கியமாக இருந்தது. 2018 ஏப்ரல் 5 அன்று கீழ் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு தண்டனை விதித்தது, அவர் மேல்முறையீடு செய்தார். கண்ணால் பார்த்தவர் சொன்னால் இருபது வருஷம் கழித்தும் வழக்கு நிற்கும்.

அதற்காகப் பின்னால் துரத்திக்கொண்டு போகாதீர்கள். 2022 மே 14 அதிகாலை மத்தியப் பிரதேசத்தின் குணா மாவட்டத்தில் வெளிமான் வேட்டைக் கும்பலை மறித்த போலீஸ்காரர்கள் 3 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த போலீஸுக்கே அந்த கதி. வண்டி நம்பர், நிறம், போகும் திசை, இதைக் குறித்துக்கொண்டு தள்ளிப் போய் 112-க்குக் கூப்பிடுங்கள். தடா, சத்யவேடு பக்கம் என்றால் எல்லை ஒட்டிய இடம், உங்கள் போன் தமிழ்நாட்டு டவரில் இருக்கலாம். அதனால் பேச ஆரம்பித்ததும் முதலில் ஊர்ப் பெயரையும், அது ஆந்திராவில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.