மலையேறினா வண்டிக்கும் மூச்சு வாங்கும் பாஸ்!

செமஸ்டரின் கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாள். விடியற்காலை 5 மணி. கோவையில இருந்து நாலு பைக், எட்டுப் பேர், ஊட்டி. இந்த ட்ரிப்புக்கு பிளான் போடாத பேட்ச் எங்கேயாவது உண்டா, சொல்லுங்க?

மேட்டுப்பாளையம் வரைக்கும் வண்டி சிட்டா பறக்கும். கல்லாறு தாண்டி பர்லியார் வரும்போது லேசா முணுமுணுக்கும். குன்னூரை நெருங்கும்போது மூணாவது கியர்ல போய்க்கிட்டிருந்தது ரெண்டாவதுக்கு இறங்கி வந்திருக்கும். ஊட்டி சேரிங் கிராஸ் கூட்டத்துல நின்னா, ஐடிலிங்ல அப்படியே உசிரை விட்டுடும். பின்னாடி உட்கார்ந்திருக்கிற மாப்ளே உடனே தீர்ப்பு சொல்வான்: "பெட்ரோல்ல கலப்படம்டா!" பக்கத்து வண்டிக்காரன் விடுவானா? "உன் வெயிட்டுதான்டா காரணம்!"

ரெண்டு பேருமே தப்பு. பிரச்னை காத்துல இருக்கு.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து முன்னூத்திச் சொச்சம் மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். இந்த ரெண்டு மணி நேரப் பயணத்துல காற்றழுத்தம் ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுடுது. மேல குளிர் அடிக்கிறதால காத்து கொஞ்சம் அடர்த்தியாகி நம்மளைக் காப்பாத்தும். ஆனாலும் முழுசா ஈடு கட்டாது. பெட்ரோல் சரியா எரியணும்னா ஒரு கிராம் பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிராம் காத்து வேணும். கிராம் கணக்கு, கவனிங்க. ஆனா நம்ம கார்புரேட்டருக்கு எடை போடத் தெரியாது. காத்து உள்ளே பாய்கிற வேகத்தை வெச்சுதான் பெட்ரோலை உறிஞ்சி அனுப்பும். அதனால காத்தோட எடை குறையிற அளவுக்கு பெட்ரோல் குறையாது. பந்திக்கு ஆள் குறைஞ்சது தெரியாம முன்னாடி போட்ட கணக்குலயே சோறு வடிக்கிற சமையல்காரர் மாதிரி! பாதி வெந்தும் வேகாமலும் கறுப்புப் புகையா வெளியே போகும். மெக்கானிக் அண்ணன்கள் இதைத்தான் 'ரிச்சா ஓடுது'ன்னு சொல்றாங்க.

"என் வண்டியில இந்தப் பிரச்னையே இல்லையே?"ன்னு கேட்கிறவங்களுக்கு: 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்ற பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூவல் இன்ஜெக்ஷன். அழுத்தத்தை அளக்க சென்சார் இருக்கு, அதுவே பெட்ரோலைக் குறைச்சுக்கும். பவர் மட்டும் அதுலயும் குறையும், அதுக்கு மருந்து கிடையாது. ஆனா ஹாஸ்டல் வாசல்ல நிக்கிற செகண்ட் ஹேண்ட் வண்டிகள்ல பாதி இன்னும் கார்புரேட்டர்தானே! அண்ணன் ஓட்டி, மாமா ஓட்டி, இப்ப உங்ககிட்ட வந்திருக்கே, அந்த வண்டிக்காகத்தான் இந்த வாரம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க. பாதி வண்டிகளோட நோய் அங்கேயே தெரிஞ்சுடும். ஏற்கெனவே தூசி அடைச்சு மூச்சுத் திணறுற வண்டியை மலைமேல கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்? சில மேதாவிங்க காத்து நல்லா வரட்டும்னு ஃபில்டரையே கழட்டி வீசிட்டு ஓட்டுவாங்க. ரோட்டுப் புழுதி நேரா சிலிண்டருக்குள்ளே போகும். வேண்டாம் சாமி!

மேல போன பிறகு நிக்கிற இடத்துல எல்லாம் ஆஃப் ஆகுதா? ஐடிலிங் ஸ்க்ரூவை லேசா உள்பக்கமா திருப்புங்க. சத்தம் நிதானமானதும் விட்டுடுங்க. பெரும்பாலும் ஊட்டி, கொடைக்கானல் ட்ரிப்புக்கு இது போதும்.

அதுக்கும் அடங்கலைன்னா மிக்ஸர் ஸ்க்ரூ. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்தைக் கட்டுப்படுத்துறது; வெளியே திருப்பினா காத்து கூடும். இன்ஜின் பக்கம் இருந்தா பெட்ரோலைக் கட்டுப்படுத்துறது. உள்ளே திருப்பினாதான் பெட்ரோல் குறையும். ரெண்டுக்கும் நேரெதிர்த் திசை! நண்பன் வண்டியில பார்த்ததை உங்க வண்டியில செஞ்சா வியாதி இன்னும் முத்திடும். தொடறதுக்கு முன்னாடி, மெதுவா முழுசா உள்ளே திருப்பி எத்தனை சுத்துன்னு எண்ணி, எழுதி வெச்சுக்கிட்டு, அதே அளவு வெளியே கொண்டு வாங்க. இறுக்கிடாதீங்க, முனை கெட்டுடும். அப்புறம் இன்ஜின் சூடா இருக்கும்போது கால் சுத்து கால் சுத்தா மாத்திப் பாருங்க. இதுவும் ஐடிலிங்குக்கும் லேசா முறுக்குற வேகத்துக்கும் மட்டும்தான்.

நடு வேகத்துக்கு நீடில். சில வண்டிகள்ல அதுல கிளிப் மாத்துற வசதி உண்டு. கிளிப்பை ஒரு காடி மேல ஏத்தினா நீடில் கீழே இறங்கி பெட்ரோல் குறையும். முழு முறுக்குக்கு மெயின் ஜெட். நம்பர் சின்னதானா ஓட்டை சின்னது, அவ்வளவுதான். அமெரிக்காவுல கொலராடோ மாதிரி மலைப் பிரதேசங்கள்ல நாலு சக்கர ஏ.டி.வி. ஓட்டுறவங்களுக்கு இது சாதாரணம். கார்புரேட்டர் ஏ.டி.வி.களோட மேனுவல்லயே எந்த உயரத்துக்கு, எந்தக் குளிருக்கு எந்த ஜெட்னு அட்டவணை போட்டிருப்பாங்க. மாசக்கணக்கா அங்கேயே ஓட்டுறவங்களுக்கு அது சரி. லடாக் போறவங்களும் யோசிக்கலாம். 5,359 மீட்டர் உயர கர்துங் லாவுல காற்றழுத்தம் கீழே இருக்கிறதுல ஏறக்குறைய பாதிதான். (அங்கே நின்ன பழைய போர்டு 18,380 அடின்னு எண்ணூறு அடி கூட்டிச் சொன்னது தனிக் கதை.)

ஆனா ரெண்டு நாள் ஊட்டிக்கு ஜெட் மாத்தாதீங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் மாத்தியிருக்கேன்.

மூணாவது வருஷம் படிக்கும்போது. டூ ஸ்ட்ரோக் வண்டி. சின்ன ஜெட் ஒண்ணு வாங்கி பர்ஸ்ல வெச்சுக்கிட்டு, ஊட்டியில லாட்ஜ் வாசல்ல உட்கார்ந்து மாத்தினேன். அடடா, வண்டி சும்மா அள்ளிச்சு! தொட்டபெட்டா ஏத்தத்துல மத்த மூணு வண்டியையும் பின்னாடி விட்டேன். அன்னிக்கு ராத்திரி பூரா நான்தான் ஹீரோ. மறுநாள் சாயங்காலம் கீழே இறங்கினோம். மேட்டுப்பாளையத்துல டீ குடிச்சோம். பழைய ஜெட் பர்ஸ்லயே இருந்தது. அரட்டையில சுத்தமா மறந்துட்டேன்.

காரமடை தாண்டி நேர் ரோடு. முழு முறுக்கு. கீழே காத்து அடர்த்தி, உள்ளே போற பெட்ரோலோ கம்மி. அதுக்குப் பேர் 'லீன்'. இன்ஜின் கன்னாபின்னான்னு சூடாகும். டூ ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோட சேர்ந்தே போறதால அதுவும் குறைஞ்சுடும். சத்தம் திடீர்னு கம்மிச்சு. என்னன்னு யோசிக்கிறதுக்குள்ளே பிஸ்டன் பிடிச்சு, பின் டயர் லாக் ஆகி, வண்டி கோணலா இழுத்துக்கிட்டுப் போச்சு. கிளட்ச்சைப் பிடிக்கணும்னு கைக்குத் தோணவே இல்லை. எனக்கு முழங்கை தோலோட போச்சு. பின்னாடி இருந்தவனுக்குத் தோள்பட்டை எலும்பு. எங்களுக்குப் பின்னால வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்ட சத்தம் இன்னிக்கும் காதுல இருக்கு. அந்த அண்ணன் மட்டும் அசந்திருந்தா இந்தப் பக்கத்தை வேற யாராவது எழுதிட்டிருப்பாங்க.

ரிச்சா ஓடுற வண்டி பெட்ரோலைக் குடிக்கும், புகை விடும், பிளக்கைக் கறுப்பாக்கும். அவ்வளவுதான். ஒரு ஸ்பேர் பிளக்கும் ஸ்பேனரும் இருந்தா சமாளிச்சிடலாம். லீனா ஓடுற வண்டியோ மேல ராஜா, கீழே எமன். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா காபிப்பொடி நிறம் இருக்கணும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா உடனே நிறுத்துங்க. ஓடும்போது இழுவை திடீர்னு செத்து சத்தம் மாறினா, யோசிக்காம கிளட்ச்!

மலையில ஏதாவது மாத்தியே தீருவேன்னு அடம் பிடிக்கிறவங்க, மாத்தின உடனே ஒரு துண்டுச் சீட்டுல 'ஸ்க்ரூ ஒன்றரை சுத்து', 'பழைய ஜெட் போடணும்'னு எழுதி ஸ்பீடோமீட்டர் கண்ணாடி மேல செல்லோ டேப் போட்டு ஒட்டிடுங்க. மலை இறங்கினதும், டீ குடிக்கிறதுக்கு முன்னாடி, ஸ்க்ரூ டிரைவர். டீ அப்புறம்!

அடுத்த வாரம், ஏத்தத்தை விட ஆபத்தான இறக்கம் பத்திப் பேசலாம். பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கிட்டு வர்ற கோஷ்டி கண்டிப்பா ஆஜர் ஆகணும்.