பலகாரச் சட்டியில் எஞ்சிய எண்ணெய்

தீபாவளிப் பலகாரம் சுட்டபின் எஞ்சும் எண்ணெயை என்ன செய்வதெனச் சங்கத்துச் சகோதரிகள் சிலர் வினவியுள்ளனர். அதிலிருந்து வீட்டிலேயே டீசல் எடுக்கலாமா என்று இளைஞர் ஒருவரும் கேட்கிறார். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

தாவர எண்ணெய் இயந்திரத்தை இயக்கும் என்பது புதுச் செய்தியன்று. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆயினும் எண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு கெட்டியானது. அப்படியே ஊற்றினால் இயந்திரத்தினுள் கரி படியும்.

அக்கெட்டித்தன்மையைப் போக்கும் முறை இது. எண்ணெயை வடிகட்டி, நீர் வற்றக் காய்ச்சி, 55 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். லிட்டருக்குச் சுமார் 200 மில்லி மெதனாலில் 3.5 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அதிற்சேர்த்து, ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஓரிரவு தெளியவிட்டால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதே உயிரி டீசல். அதை நீரால் கழுவி உலர்த்த வேண்டும். இவ்வளவு புதிய எண்ணெய்க்கு. பலமுறை காய்ந்த எண்ணெயில் அமிலம் மிகுதி. அதை அளந்து சோடாவைக் கூட்டவேண்டும். கணக்குத் தவறினால் கிடைப்பது சோப்புக் கூழ்தான்.

படிக்கையில் ரசம் வைக்கும் குறிப்புப்போல் தோன்றும். மெதனாலோ கொடிய விஷம். சிறிதளவு உட்சென்றாலும் பார்வை பறிபோகலாம். ஆவியாகவும் தோல் வழியாகவும் உடலில் ஏறும். பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரிவதும் அரிது. குழந்தைகள் நடமாடும் குவார்ட்டர்ஸ் அடுப்பங்கரை இதற்கு இடமன்று, தம்பி!

எங்கள் ரயில்வேயும் 2002 டிசம்பர் 31 அன்று அமிர்தசரஸ் சதாப்தியை 5 சதவீத உயிரி டீசல் கலந்து ஓட்டிப் பார்த்தது. அந்நாளில் காட்டாமணக்கைப் பற்றிப் பெரிதாகப் பேசினர். விளைச்சல் பேச்சளவுக்கு வரவில்லை.

ஆகவே பழைய எண்ணெய்க்கு மதிப்புண்டு. அதைப் பெற்று உயிரி டீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. வாசலில் வந்து மலிவாகக் கேட்பவரிடம் விற்றுவிடாதீர்கள். அது தெருமுனைப் பஜ்ஜிக் கடாய்க்கே திரும்பக்கூடும். அங்கே தின்பவர் நம் பிள்ளைகள். சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைக்கும்.

ஆறிய எண்ணெயை வடித்து, நீர் புகாமல் மூடியுள்ள டின்னில் வையுங்கள். வீட்டுக்கு வீடு அளவு சொற்பமே. சங்க விருந்தில் எஞ்சுவதோடு சேர்த்தால் அனுமதி பெற்ற சேகரிப்பாளர் வரக்கூடும். பொங்கலுக்குமுன் அழைக்க இயலுமா என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.