பெயர்ப்பலகைக்குக் கும்பிடா?

நம் அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன், பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் பணத்தை அவிழ்ப்பானா? அவ்வளவு விவரமுள்ளவன், மகனையோ மகளையோ ஆகாய விமானப் படிப்பில் சேர்க்கும்போது மாத்திரம், காலேஜ் பலகையைப் பார்த்துவிட்டு, ஜோசியனிடம் நாள் கேட்டுக்கொண்டு, தோட்டத்தை அடமானம் வைக்கிறானே, இது என்ன புத்தி?

"ஏரோஸ்பேஸ்" என்கிற பெயரிலேயே உத்தியோகம் இருக்கிறதென்று எண்ணுவது, மந்திரத்தில் மாங்காய் விழும் என்பதற்கு எவ்விதத்தில் மேலானது?

சங்கதியைப் பாருங்கள். 2008-ல் கிளம்பிய சந்திரயான்-1-க்குத் திட்ட இயக்குநராயிருந்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர். அவர் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது எலக்ட்ரானிக்ஸ். 2023-ல் சந்திரயான்-3-ஐ நிலவில் இறக்கிய வேலைக்குத் தலைமை வகித்த வீரமுத்துவேல், மெக்கானிக்கல் டிப்ளமாவில் துவங்கியவர். இஸ்ரோ எஞ்சினீயர்களுக்குப் பரீட்சை வைக்கும்போதும், பெரும்பாலும் இவ்விரண்டையும் கம்ப்யூட்டர் படிப்பையுமே கேட்கிறது.

விமானப் படிப்பே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் படித்தது அதுதான். ஆனால் சேருமுன் கேளுங்கள்: காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் விண்ட் டன்னல் ஓடுகிறதா, துணி போர்த்தி நிற்கிறதா? கற்பிக்கிறவர்கள் எத்தனை பேர்? போன வருஷம் தேறியவர்களில் விமானத் தொழிலில் எத்தனை பேர், சம்பந்தமில்லாத வேலையில் எத்தனை பேர்?

கேட்பதற்கு வெட்கமென்ன? பல்லைக் காட்ட மறுக்கிற மாட்டுத் தரகனை விட்டு நகருகிறோமல்லவா? பதில் சொல்லாத காலேஜையும் அப்படியே விட்டு நகருங்கள்.