வைத்தியப் பரிசோதனையும் பயமும்

நமது ஜனங்களுக்குள் வியாதியைக் கண்டு பயப்படுகிறவர்களைவிட, அந்த வியாதி இன்னதென்று கண்டுபிடிக்கும் பரிசோதனையைக் கண்டு பயப்படுகிறவர்களே அதிகமாயிருக்கிறார்கள். இரண்டு வருஷமாய் வயிறு நெருப்புப்போல் எரிவதைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். சோடாவும், சீரகத் தண்ணீரும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையுமாய்க் காலந்தள்ளுவார்கள். ஆனால், "வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கவேண்டும்" என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மறுநாளே எரிச்சல் நின்றுவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எப்படி நின்றது என்று கேட்டால் மாத்திரம் பதில் கிடையாது.

இதை எழுதும் நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். எண்டாஸ்கோப்பி என்னும் அந்தப் பரிசோதனைக்கு மூன்று முறை தேதி வாங்கி, மூன்று முறையும் தள்ளிவைத்தோம். முதல் தடவை பொதுக்கூட்டம் என்றோம். இரண்டாந்தடவை அச்சுக்கூடத்தில் வேலை என்றோம். மூன்றாந்தடவை மழை என்றோம். ராகுகாலம் பார்த்துப் பிரயாணத்தைத் தள்ளிப்போடுகிறவனை மேடையில் நின்று கேலி செய்து கைதட்டல் வாங்கினவர்கள் நாம். அப்படியானால் நாம் பார்த்தது என்ன? அதுவும் ஒரு ராகுகாலந்தானே! அவன் பஞ்சாங்கத்தைக் காட்டினான். நாம் டைரியைக் காட்டினோம். அவனாவது ஒன்றரை மணி நேரம் கழிந்ததும் கிளம்பிவிடுகிறான். நமது ராகுகாலம் ஐந்து மாதம் நீடித்தது.

இதை வேடிக்கையென்று தள்ளிவிடுவதற்கில்லை. எங்கள் பக்கத்தில் தறி நெய்த ஒரு தோழர் இருந்தார். சாப்பாடு நெஞ்சில் சிக்குகிறதென்று சொல்லத் தொடங்கி, சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்து, கஞ்சியை விட்டு மோருக்கு வந்தார். பரிசோதனைக்கு நாள் குறித்தபோதெல்லாம் வீட்டார் கோவிலில் பூப் போட்டுப் பார்த்தார்கள், உத்தரவு கிடைக்கவில்லையாம். கடைசியில் மோரும் இறங்காமற்போன பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். உணவுக்குழாயில் வளர்ந்திருந்த கட்டி தெரிந்தது. ஆனால், அறுத்தெடுக்கும் காலம் கடந்துவிட்டதென்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்தத் தோழர் பூவை நம்பிச் செத்தார் என்று எழுதிவிட்டால் நமக்குச் சுலபமாயிருக்கும். உண்மை அதுவல்ல. அவருக்குச் சாமியிடத்தில் அவ்வளவு நம்பிக்கை எக்காலத்திலும் இருந்ததில்லை. குழாயைக் கண்டு பயம். பயத்தை வெளியில் சொல்ல வெட்கம். பூ ஒரு சாக்கு. நமக்கு நமது டைரி உதவினதுபோல் அவருக்குப் பூ உதவிற்று.

பயந்தவனுக்கு நமது நாட்டில் கிடைக்கும் மருந்து இரண்டேதான். ஒன்று மந்திரித்த கயிறு. மற்றொன்று, "ஆம்பிளைக்கு என்னய்யா பயம்?" என்கிற பரிகாசம். கயிறு பயத்தை மணிக்கட்டில் கட்டி வைக்கிறது. பரிகாசம் அதை வாய்க்குள் அடைத்து வைக்கிறது. இரண்டினாலும் பயம் போனதாக நாம் கண்டதில்லை. பயம் என்பதோ சரீரத்தின் ஒரு வேலை. சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாப்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்னும் வஸ்து இரத்தத்தில் கலக்கிறது; இருதயம் படபடக்கிறது; வாய் உலர்கிறது; உள்ளங்கை வேர்க்கிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்காக ஏற்பட்டது இது. புலி எது, டாக்டர் கையிலிருக்கும் குழாய் எது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. தொண்டையின் பின்புறத்தில் எது பட்டாலும் குமட்டுவதும் இவ்விதமே. குழந்தைக்கும் குமட்டும், பயில்வானுக்கும் குமட்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறதென்று கேட்கின்றோம்.

நிற்க, குழாய் என்றவுடன் நம்மவர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை நினைத்துக்கொள்ளுகிறார்கள். உண்மையில் அது சுண்டுவிரல் பருமன், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர், நன்றாய் வளையக்கூடியது, நுனியில் ஒரு விளக்கும் ஒரு சின்னக் காமிராவும் இருக்கும். "மூச்சு அடைத்துப்போகுமே!" என்பதுதான் எல்லோருக்கும் பெரிய பயம். கழுத்தில் மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது. உணவுக்குழாய் அதற்குப் பின்னால் இருக்கிறது. கருவி போவது பின்னாலுள்ளதில். ஆகவே மூச்சு விடும் வழி திறந்தே இருக்கும். வயிற்றின் உட்தோலிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்தாலும் வலி தெரியாது. கிள்ளுவதை வலியாக உணரும் சக்தி அந்த உட்தோலுக்கு இல்லை. வெறுமனே பார்த்து முடிக்க அனேகமாய் 5 முதல் 10 நிமிஷம். ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. இரத்தம் கசிவதும், குழாய் பட்டுக் கிழிவதும் உண்டு. அது மிக அபூர்வம். வியாதியைப் பார்க்காமல் விடுவதிலுள்ள ஆபத்து அபூர்வமல்ல.

இந்தக் கருவியின் கதையும் கேட்கத்தக்கது. 1868-ஆம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள ஃப்ரைபர்க்கில் குஸ்மால் என்ற டாக்டர், உயிரோடிருக்கும் மனிதனின் வயிற்றுக்குள் பார்க்க ஆசைப்பட்டபோது, அவரிடம் இருந்தது வளையாத உலோகக் குழாய். அதை யார் விழுங்குவார்? கத்தி விழுங்கும் வித்தைக்காரனைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. 1957-இல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் கண்ணாடி இழைகளைக் கொண்டு வளையும் கருவியைச் செய்து, நோயாளிக்கு விடுவதற்கு முன்னால் தமது தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். 1984-இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர், வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்று உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, ஒரு கிருமிதான் என்று காட்டுவதற்காக அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்தார். குடிப்பதற்கு முன் ஒரு தரமும், குடித்து வாந்தியெடுத்த பின் ஒரு தரமும் இதே பரிசோதனைக்கு வாயைத் திறந்தார். அவருக்கும் அவருடைய கூட்டாளி ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. எத்தனையோ பேருக்கு வயிற்றையே அறுத்துப் பார்த்த வியாதி இன்று இரண்டு வார மாத்திரையில் தீருகிறதென்றால், அதற்கு இவர்கள் குமட்டிக்கொண்டதும் ஒரு காரணம்.

நம் ஊரிலோ கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு வீதி சுற்றி வருகிறவரே இந்தச் சுண்டுவிரல் குழாய்க்கு நடுங்குவதைப் பார்த்திருக்கிறோம். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாமென்றுதான் முதலில் நினைத்தோம். யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. அலகு குத்தும்போது பத்துப்பேர் சுற்றி நின்று தைரியம் சொல்லுகிறார்கள். அடுத்தாற்போல் என்ன நடக்கும், எப்போது முடியும் என்பதும் அவருக்கு நன்றாய்த் தெரியும். ஆஸ்பத்திரியில் கூட இருப்பவரை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே ஒன்றும் சொல்லுவாருமில்லை.

நாம் முதலில் போன இடத்தின் பெயர் இங்கே அனாவசியம். இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டதற்கு, "எல்லாரும் போடுறதுதான், போடுங்க" என்று பதில் வந்தது. அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத் தலையாட்டாதீர்கள் என்று இருபது வருஷமாய்ப் பேசி வருகிறோம். புரோகிதர் சமஸ்கிருதத்தில் சொன்னால் மோசடி, டாக்டர் இங்கிலீஷில் சொன்னால் விஞ்ஞானமா? சம்மதம் என்பது விஷயத்தைத் தெரிவித்துப் பெறுகிற சம்மதமாய் இருக்கவேண்டும் என்று 2008-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவாகாது. டாக்டருக்கு நேரமில்லையென்றால் நர்ஸம்மா சொல்லட்டும். இரண்டு நிமிஷம் சொன்னால் பாதிப் பயம் போய்விடும் என்பதை அவர்கள் அறியாதவர்களல்ல. நாம் கேட்காததால் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நாலாந்தடவை நாம் வேறிடத்துக்கு, ஒரு சீட்டில் ஆறு கேள்விகளை எழுதிக்கொண்டு போனோம். எத்தனை மணி நேரம் பட்டினி? (ஆறு மணி நேரமாவது வேண்டும் என்றார்கள், வயிற்றிலிருப்பது வாந்தியாகி நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகவாம்.) தொண்டையை மரத்துப்போகச் செய்வீர்களா, தூக்க ஊசி போடுவீர்களா? சர்க்கரைக்கும் இரத்த உறைவுக்கும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவதா, சாப்பிடுவதா? சதை எடுப்பீர்களா? முடிவை எப்போது, யார் சொல்லுவார்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "தாங்கமுடியவில்லையென்றால் கையைத் தூக்குகிறேன், நிறுத்துவீர்களா?" என்றோம். டாக்டர் சிரித்து, "தாராளமா" என்றார். நாம் கையைத் தூக்கவேயில்லை. தூக்கலாம் என்று தெரிந்திருந்ததே போதுமாயிருந்தது.

தூக்க ஊசி வேண்டாமென்றோம். போட்டுக்கொண்டால் அன்று வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். வேண்டுமென்று கேட்டுப் போட்டுக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை. தொண்டையில் கசப்பாய் ஒரு மருந்தைப் பீச்சினார்கள். கொஞ்ச நேரத்தில் எச்சில் விழுங்குவது உருண்டையை விழுங்குவதுபோல் இருந்தது. இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பல்லுக்கிடையில் ஒரு வளையத்தைக் கொடுத்தார்கள். "விழுங்குங்க" என்றபோது விழுங்கினோம். இரண்டு தடவை பலமாய்க் குமட்டிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணை மூடினால் அதிகமாயிற்று. திறந்து சுவரிலிருந்த ஆணி ஒன்றையே பார்த்துக்கொண்டு, மூக்கால் இழுத்து மெதுவாய் நீளமாய் மூச்சை விட்டதும் அடங்கிற்று. எச்சிலை விழுங்கப் பார்க்காமல் வழியவிட வேண்டும். ஏப்பம் வந்தால் வரட்டும். உள்ளே காற்று ஊதுகிறார்களல்லவா? அங்கே நமது மேடைக் கம்பீரத்துக்கு வேலையில்லை. நர்ஸம்மா தோளில் கை வைத்து, "பாதி முடிஞ்சுதுங்கய்யா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இருந்த பலம் எந்தக் கயிற்றுக்கும் இல்லை.

போய்வந்தவர்களின் கதைகளையும் நாம் ஐந்து மாதமாய்ச் சேகரித்து வைத்திருந்தோம். "உயிரே போய்விட்டது" என்று சொல்லாதவர் இல்லை. 1996-இல் ரெடல்மையர் என்ற டாக்டரும் கானமன் என்ற மனோதத்துவ நிபுணரும், பெருங்குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்தவர்களை, நடக்கும்போதே நிமிஷத்துக்கொரு தரம் வலி எவ்வளவென்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சிலருக்கு 4 நிமிஷத்தில் முடிந்தது. சிலருக்கு ஒரு மணிக்கும் மேலாயிற்று. பிறகு அவர்கள் சொன்ன நினைவுக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லாதிருந்தது. மிகவும் வலித்த ஒரு கணமும், கடைசிச் சில நிமிஷங்களுமே நினைவாய்த் தங்கியிருந்தன. ஆகவே, அடுத்த வீட்டுக்காரர் சொல்லுவது பொய்யல்ல. அது அவருடைய ஒரு நிமிஷத்தின் கதை.

ஒன்றை விட்டுவிட்டோம். வாய்க்குழாயில் பயம்தான் முன்னால் நிற்கிறது; கீழ்வழியாய்ச் செய்யும் பரிசோதனைகளிலும், பெண்களின் கர்ப்பவாய்ப் பரிசோதனையிலும் வெட்கம் முன்னால் நிற்கிறது. மூட வேண்டிய இடத்தைத் துணியால் மூடச் சொல்லலாம். பெண்மணிகள் பெண் டாக்டரைக் கேட்கலாம், இல்லையென்றால் ஒரு பெண் பக்கத்தில் இருக்கவேண்டுமென்று கேட்கலாம். கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நமக்கு வயிற்றில் புண் இருந்தது, கிருமியும் இருந்தது. மாத்திரை சாப்பிட்டு எரிச்சல் தீர்ந்தது. இப்போது நம் மைத்துனருக்கு இரண்டு மாதமாய் மலம் தார்போல் கறுப்பாய்ப் போகிறது, எடையும் குறைந்திருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை 9½ மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையாயிற்றே, அதுவும் அந்நேரம் எமகண்டமாயிற்றே என்று தங்கை தயங்குகிறாள். மைத்துனரும் அதையே பிடித்துக்கொண்டார். "எமகண்டம் கிடக்கட்டும், மாப்பிள்ளை, உங்களுக்கு எதில் பயம்?" என்று கேட்டோம். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "கட்டின்னு சொல்லிட்டா என்ன பண்றது மச்சான்?" என்றார். ஆறு கேள்விகளோடு அதை ஏழாவதாய் எழுதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை நாமும் கூடப் போகிறோம்.