நாலு வரியில் ஒரு வியாபாரம்

முடிச்சூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வீட்டில் சாம்பார்ப் பொடியும் இட்லி மிளகாய்ப் பொடியும் தயாரித்து, இதுவரை தெரிந்தவர்களுக்குக் கவரில் போட்டுக் கொடுத்து வந்தாராம். இப்போது மேற்குத் தாம்பரத்தில் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள், “ஒரு மார்க் போட்டு, லேபிள் ஒட்டிக் கொண்டு வாருங்கள் அம்மா, வாங்கி வைக்கிறோம்” என்று சொல்லிவிட்டார்கள். நல்ல சமாசாரந்தான். ஆனால் லேபிளில் என்ன எழுதுவது? விளம்பரத் தொழிலில் இருக்கும் ஒருவரைக் கேட்டிருக்கிறார். பெயர், சின்னம், ‘உங்கள் பொடியின் கதை’ எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை, பொடியில் இந்த அம்மாளுக்கு இரண்டு மாதத்தில் மிஞ்சுவதைவிட அதிகம். “ஒரு கதைக்கு இவ்வளவு விலையா?” என்று கேட்கிறார். நம் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர்கள் காதில் இது விழாமல் இருக்க வேண்டும்!

தாமே எழுதிப் பார்த்ததையும் அனுப்பியிருக்கிறார். ‘பாட்டியின் கைமணத்தில், பாரம்பரிய முறையில், சுத்தமான, தரமான பொருள்களால் தயாரிக்கப்பட்ட மயிலாப்பூர் சாம்பார்ப் பொடி.’

உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து அங்கே இருக்கும் பாக்கெட்டுகளைப் படித்துப் பாருங்கள். எத்தனை பாட்டிகள்! எத்தனை கைமணங்கள்! எல்லாரும் தரத்தைத்தான் சொல்கிறார்கள். மட்டமான சரக்கு என்று எவராவது அச்சுப் போடுவார்களா? இந்த வரியை வெட்டி இன்னொருவர் பொடியில் ஒட்டினாலும் ஒரு குறையும் தெரியாது. காசு கொடுத்து எழுதி வாங்கினாலும் பெரும்பாலும் இதே வார்த்தைகள்தாம் வழவழப்பான காகிதத்தில் வரும்.

போதாததற்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விளம்பர வாசகங்களுக்கென்றே விதிகள் செய்திருக்கிறது. ‘ப்யூர்’ என்ற சொல், வேறெதுவும் கலக்காத ஒரே பொருளுக்குத்தான் பொருந்தும். ஏழெட்டுச் சாமான் சேர்ந்த சாம்பார்ப் பொடிக்குப் பொருந்தாது. ‘பாரம்பரியம்’ என்றால் தலைமுறைகளாக மாறாமல் வருகிற முறை என்று காட்ட முடிய வேண்டும். நூற்றுக்கு நூறு என்று போட்டுக்கொள்ளும் வழக்கத்தையும் ஆணையம் 2025 மே மாதம் கண்டித்தது. உறவினர் ஒருவர் ‘வெந்தயம் சேர்ந்திருப்பதால் சர்க்கரை வியாதி குணமாகும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாராம். வேண்டவே வேண்டாம்! உணவுப் பொருள் வியாதியைக் குணப்படுத்தும் என்று சொல்ல விதிகளில் இடமில்லை. அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் வருஷத்துச் சட்டத்தில் நீரிழிவு என்று பெயர் சொல்லியே குறித்திருக்கிறது. அந்தச் சட்டப்படி லேபிளும் ஒரு விளம்பரந்தான்.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது? வேடிக்கை என்னவென்றால், அந்தச் சகோதரி ஏற்கெனவே எழுதிவிட்டார். லேபிளில் அல்ல, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில். ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக வறுக்கிறாராம், தனியாவுக்கும் துவரம்பருப்புக்கும் ஒரே பக்குவம் ஆகாது என்று. வியாழக்கிழமை காலையில் மெஷின் திறந்ததும் முதல் அரவை இவருடையது. மற்றவர்கள் மிளகாய் அரைத்த மெஷினில் போட்டால் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளுமாம். பெருங்காயம் சேர்ப்பதில்லை. தம் பொடியில் காரம் சற்றுத் தூக்கல் என்று ஒரு குறையாகவும் சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எவராவது பாட்டியைத் தேடிப் போவார்களா?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘சாம்பார்ப் பொடி. ஒவ்வொரு சாமானும் தனித்தனியே வறுத்தது. வியாழக்கிழமை முதல் அரவையில் அரைத்தது. பெருங்காயம் சேர்க்கவில்லை, தாளிக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். காரம் சற்றுத் தூக்கல். முதல் தடவை அரைக் கரண்டி குறைத்துப் போடுங்கள்.’

இதில் ஒரு புகழ்ச்சி வார்த்தை கிடையாது. ஆனால் படிக்கிறவருக்கு அடுப்பங்கரை கண்ணுக்குத் தெரிகிறது. காரம் தூக்கல் என்றால் வாங்க மாட்டார்களே என்று பயப்பட வேண்டாம். காரம் வேண்டாதவர் வாங்கிப் போய்த் திட்டுவதைவிட, வாங்காமல் இருப்பது மேல். காரம் வேண்டுகிறவர் இதற்காகவே எடுப்பார்.

பெருங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அந்த அம்மாள் இட்லி மிளகாய்ப் பொடியில் அதைப் போடுகிறார். ஆகவே அந்த லேபிளில் ‘கோதுமை உண்டு’ என்று அவசியம் குறிப்பிட வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை உள்ள வீட்டில், மற்ற எல்லா வரிகளையும்விட இதுதான் முக்கியமான வரி.

மற்றவை சட்டம் கேட்பவை: எடையில் அதிகமான சாமானை முதலில் வைத்துச் சேர்மானப் பட்டியல், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை உபயோகிக்கலாம் என்பது, பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், விலாசம். கட்டாயமான விவரங்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடவே தாராளமாகப் போடலாம். மாறாத வரிகளை மட்டும் அச்சடித்துக்கொண்டு, தேதிக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டால், ஒவ்வொரு அரவைக்கும் புது லேபிள் வேண்டியதில்லை.

பெயருக்காகவும் பணத்தை இறைக்க வேண்டாம். பம்பாய் கிர்காமில் 1959 மார்ச் 15-ஆம் தேதி ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அன்று ஆனது நாலு பாக்கெட். 1962-இல் தங்களுக்குள் ஒரு போட்டி வைத்துப் பெயர் தேர்ந்தெடுத்தார்கள். பரிசு 5 ரூபாய். குஜராத்தியில் சுவை என்று பொருள்படும் ‘லிஜ்ஜத்’ அப்படித்தான் கிடைத்தது. தொடக்கத்தில் மலிவாக இரண்டாம் தரம் ஒன்றும் போட நினைத்தவர்களை, தரம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். நம் கடலூரில் 1983-இல் 15,000 ரூபாயுடன் ஷாம்பு வியாபாரம் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், தகப்பனார் சின்னி கிருஷ்ணனின் பெயரைச் சுருக்கி ‘சிக்’ என்று வைத்தார். உங்கள் பெயர் வேறு எவருடையதாவதா என்று டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் செலவில்லாமல் தேடிப் பார்க்கலாம். பதிவகத்தின் சென்னை அலுவலகமும் அருகில்தான்: தாம்பரத்தைத் தொட்டுச் செல்லும் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், கிண்டியில்.

இனி அந்த மயிலாப்பூர் விஷயம். அந்த அம்மாள் மயிலாப்பூரில் பிறக்கவும் இல்லை, வாசம் செய்யவும் இல்லை. முடிச்சூர் என்று போட்டால் ஜனங்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளந்தான் ஞாபகம் வரும், பொடியை யார் வாங்குவார்கள் என்று கூச்சப்படுகிறார். விலாசத்தில் எப்படியும் முடிச்சூர் வந்தே தீரும். மேலே மயிலாப்பூர், கீழே முடிச்சூர் என்றால் படிக்கிறவர் எதை நம்புவார்?

மணப்பாறை என்றதும் நமக்கு முறுக்கும், கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாயும் நாக்கில் வருகின்றன. யாரோ சிலர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அந்த ஊர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. கோவில்பட்டி மிட்டாய்க்கு 2020-இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இனி வேறு ஊர்க்காரர் அந்தப் பெயர்களை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது.

ஆகவே அம்மணி, முடிச்சூர் என்பதை லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காமல், மேலேயே ‘முடிச்சூர் சாம்பார்ப் பொடி’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். முதலில் 100 லேபிள் மட்டும் அச்சடியுங்கள். ஒன்றை அடுத்த வீட்டு மாமியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கி நிற்கிற வார்த்தையை அடித்துவிட்டு மாற்றி எழுதுங்கள். வடாத்துக்கு என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை நாள் வெயிலில் காய வைக்கிறீர்கள், எண்ணெயில் போட்டால் எவ்வளவு பெரிதாகப் பொரியும்? இந்த இரண்டையும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.