சுழன்று நின்ற பின்



சென்ற மாதம் ஒரு மாலையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு அறைவீட்டிற்கு வந்தார். மகன் சென்னையில் பணிபுரிபவர். விடுமுறை நாள்களில் இருங்காட்டுக்கோட்டையிலுள்ள மோட்டார் பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் பயிற்சி பெறுகிறாராம்.

“சாமி, இவனுக்கு நீங்கள்தாம் புத்தி சொல்ல வேண்டும். மூன்று முறை வண்டி சுழன்றுவிட்டதாம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறான்!” என்றார் தாய்.

“பெருமை இல்லை, சாமி. ஏன் சுழன்றது என்று தெரிந்துகொண்டேன். அதைத்தான் அம்மாவிடம் சொன்னேன்” என்றார் மகன்.

அறிவுரை கூற அமர்ந்த நாம், அரைமணி நேரம் மாணவராய்க் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று அறிந்தவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று எண்ணுகிறோம்.

காரின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வேகத்தைக் கூட்டுவதும், குறைப்பதும், வண்டியைத் திருப்புவதும் அச்சிறு இடத்தின் பிடிப்பைக் கொண்டே நடைபெற வேண்டும். ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கேட்டால் பிடிப்பு நழுவிவிடும். வளைவுக்குள் மிகுந்த வேகத்தோடு நுழைந்துவிட்ட புதிய ஓட்டுநர், பாதி வளைவில் அஞ்சி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிடுகிறார். உடனே வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் பாரம் குறைந்து பிடிப்பை இழக்கின்றன. வண்டியின் பின்புறம் முன்னே வர முயன்று, வண்டியே சுழல்கிறது. காத்துக்கொள்ள எண்ணிக் காலை எடுத்தவரை அச்சமே சுழற்றிவிடுகிறது!

அந்நேரத்தில் செய்யத்தக்கது என்ன? பின்புறம் எப்பக்கம் வழுக்குகிறதோ அப்பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். மோதப்போகும் சுவரைப் பாராமல், போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும்; கண் போகும் இடத்திற்கே கையும் போகுமாம். வண்டி கைமீறிவிட்டது என்று தெரிந்தால், கிளச்சையும் பிரேக்கையும் ஒருசேர அழுத்தி, அது நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நின்ற பிறகு வருவதே நம் நெஞ்சைத் தொட்டது. சுழன்று நின்றவர் வெட்கத்தால் அவசரப்பட்டு மீண்டும் தடத்தில் பாயக் கூடாது. பின்னால் வருபவர்மீது மோதிவிடக்கூடும். வழி தெளிவாக உள்ளதா எனப் பார்த்து, மெல்லக் கிளம்பி, வண்டிகள் நிறுத்துமிடமாகிய பிட்டிற்கு வர வேண்டும். அங்கே வண்டியைச் சோதிப்பார்கள். பயிற்றுநர், “என்ன நடந்தது?” என்று கேட்பார். “வண்டி சுழன்றுவிட்டது” என்ற விடை போதாது. “எங்கே பிரேக் பிடித்தேன், எப்போது காலை எடுத்தேன், எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று ஒவ்வொன்றாய்ச் சொல்ல வேண்டும். அப்படிப் பின்னோக்கிச் சென்றால், சுழன்ற இடத்தில் தவறு தொடங்கவில்லை என்பதும், வளைவுக்குள் நுழையுமுன்னரே அது நேர்ந்துவிட்டது என்பதும் புலப்படும். நாம் இரவில் செய்யும் ஆன்ம சோதனைக்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டோ?

பெயர்பெற்ற ஓட்டுநர்களும் இப்பாடத்திற்கு விலக்கானவர் அல்லர். பிரேசில் நாட்டின் அயர்டன் சென்னா 1988 மே மாதத்தில் மொனாக்கோ நகரத் தெருக்களில் நடைபெற்ற பந்தயத்தில் யாவரினும் முந்திச் சென்றுகொண்டிருந்தார். அடுத்து வந்த அலென் புரோஸ்ட் ஏறத்தாழ 50 விநாடிகள் பின்தங்கியிருந்தார். வேகத்தைக் குறைக்குமாறு சென்னாவின் குழுவினர் வானொலி வழியே கூறினர். 78 சுற்றுகளுள் 67-ஆம் சுற்றில், எவரும் இடிக்காமல், எவரும் துரத்தாமல், சுரங்கப் பாதைக்கு முன்னுள்ள வளைவில் அவர் தாமாகவே தடுப்பில் மோதினார். வெற்றி புரோஸ்டுக்குச் சென்றது. சென்னாவோ குழுவினரிடம் திரும்பாமல், அந்நகரிலிருந்த தம் இல்லத்திற்கு நடந்தே போய்விட்டார். தவறியவனுக்கு முதலில் தோன்றுவது ஓடி ஒளியும் எண்ணமே அல்லவா?

ஆனால் அவர் ஒளிந்தே இருந்துவிடவில்லை. அவ்வாண்டின் உலகப் பட்டம் அவருக்கே கிடைத்தது. அதே மொனாக்கோவில் 1989 முதல் 1993 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவரே வென்றார். முன்னேற்றம் பெரிதாக இருந்தபோதே கவனம் தளர்ந்தது என்பதை அவர் மறக்கவில்லை போலும்.

எனினும் ஒன்றைக் கூறாமல் விடலாகாது. அதே சென்னா, 1994 மே முதல் நாளன்று இத்தாலியின் இமோலா தடத்தில் நேர்ந்த விபத்தில், 34-ஆம் வயதில் உயிரிழந்தார். ஒவ்வொரு விபத்தும் மறுவாய்ப்பு அளிப்பதில்லை. பந்தயத் தடத்தில் தலைக்கவசமும், தடுப்புச் சுவரும், எச்சரிக்கைக் கொடி காட்டுவோரும் உண்டு. நம் சாலைகளிலோ பள்ளிப் பிள்ளைகளும் மாட்டு வண்டிகளும் உண்டு. ஆகவே இளைஞரே, தடத்தில் கற்பதைத் தடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஊர்ச் சாலையைப் பயிற்சிக் களமாக்காதீர்கள்.

தாயும் மகனும் சென்ற பின் நமக்கு உறக்கம் வரவில்லை. பழைய நிகழ்ச்சி ஒன்று நெஞ்சை உறுத்தியது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், நம் ஜீப்பை ஓட்டிய இளைஞர் ஒரு மழை நாளில் வளைவில் வழுக்கி, வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். அவருக்குக் காயமில்லை. நேரே நம்மிடம் வந்து, “சாமி, வேகமாக வந்துவிட்டேன். தவறு என்னுடையது” என்றார். திருப்பலிக்கு வந்திருந்த மக்கள் முன்னிலையில் நாம் அவரைக் கடுமொழிகளால் சுட்டோம். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அவருக்குப் பின் வந்தவர் நல்லவர். ஆனால் நம்மிடம் எதையும் சொல்லமாட்டார். ஒரு நாள் மலைச்சரிவில் இறங்குகையில் பிரேக் பிடிக்கவில்லை. ஓரத்து மண்மேட்டில் ஏற்றி எப்படியோ நிறுத்தினார். வண்டியில் நம்மோடு இரண்டு அருட்சகோதரிகளும் இருந்தனர். பிரேக் எண்ணெய் கசிவதை ஒரு மாதமாகவே அறிந்திருந்தாராம். “ஏனப்பா சொல்லவில்லை?” என்று கேட்டோம். “முந்தினவர் சொன்னதற்குக் கிடைத்தது எனக்குத் தெரியும், சாமி” என்றார். அன்று நாம் வாயடைத்து நின்றோம். உண்மை சொன்னவரை நாம் தண்டித்தோம். அதனால் அடுத்தவர் உண்மையை மறைக்கக் கற்றுக்கொண்டார்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இது நடைபெறுகின்றதா? தேர்வில் தவறிய மகன் மதிப்பெண் தாளை ஒளித்து வைக்கிறானா? கடன்பட்ட கணவர் மனைவியிடம் கூற அஞ்சுகிறாரா? தவறுக்கு விளைவு இருக்கட்டும்; கண்டிப்பும் வேண்டியதே. ஆனால் தவறு செய்தவர் முதலில் ஓடிவரும் இடம் இல்லமாக இருக்க வேண்டும். வந்தவுடன் “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று சீறாமல், “என்ன நடந்தது? முதலிலிருந்து சொல்” என்று கேட்டுப் பாருங்கள். இம்மாதம் ஒரு நாள், இரவு உணவுக்குப் பின், தந்தையே முதலில் தம் தவறொன்றைப் பிள்ளைகளிடம் எடுத்துக் கூறட்டும். அதனால் அவர் மதிப்புக் குறையாது.

நமக்கும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. அந்த முதல் ஓட்டுநர் இப்பொழுது வேறோர் ஊரில் சொந்தமாக வேன் வைத்து ஓட்டுவதாகக் கேள்விப்பட்டோம். மக்கள் முன்னிலையில் அவரைச் சுட்டது நாம். இம்மாதத்திற்குள் அவர் வீட்டு வாசலுக்குச் சென்று, என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து நாமே சொல்வதாக இருக்கிறோம். எங்களுக்காகவும் மன்றாடுங்கள்.